சத்தமில்லாத மிஷின்

"சுவிட்சுல கை வெக்காதீங்க அம்மிணி!"

குப்பண்ணன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்குரலில்தான் சொன்னார். அதற்கே செல்வப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாலக்காட்டு டவுனிலிருந்து இரண்டு வேக்குவம் கிளீனர்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, வாளையார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, மலையடிவாரத்துக் கடைசித் தோட்டம் வரைக்கும் வந்திருந்தாள். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொது மரப்பட்டறை அங்கேதான் இருந்தது. மரத்தூளை இழுக்க ஒரு மிஷின் வேண்டும், நேரில் வந்து காட்டுங்கள் என்று குப்பண்ணன்தான் போனில் கூப்பிட்டார். வந்தபோது எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். பெரிய மிஷினைப் பிளக்கில் செருகிவிட்டு அவள் நிமிர்வதற்குள், சன்னல் பக்கம் போய்வந்த குப்பண்ணனின் முகம் மாறிவிட்டது.

"ஓட்டிக் காட்டினாத்தானுங்களே தெரியும்?" என்றாள்.

"ஓட்ட வேண்டாம். வாயிலயே சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே அவர் கண்ணைக் காட்ட, மரம் அறுக்கிற பாண்டித்துரை கதவைச் சாத்திக் குறுக்குக்கட்டை போட்டான். ஆறடி ஆள். கையோடு விளக்கையும் ஃபேனையும் அணைத்தான். வெயில் இறங்காத நேரத்திலேயே பட்டறைக்குள் இருட்டிவிட்டது.

மிஷின் வாங்குகிறவர்கள் கதவை எதற்குச் சாத்த வேண்டும்?

"இது... இது டிரம் வெச்சதுங்க. ஈரம், காஞ்சது எல்லாத்தையும் இழுக்கும். குழாய் நல்ல நீளமுங்க..." பழக்கத்தில் வாய் பேசிக்கொண்டிருந்தது. மனசு கதவிலேயே இருந்தது.

"கூட ஆராச்சும் வந்திருக்காங்களா, இல்ல தனியாத்தான் வந்தீங்களா?" குப்பண்ணன் கேட்டார்.

"தனியாத்தானுங்க" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்படியா ஒருத்தி உளறுவாள்!

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. பாண்டித்துரை பாய்ந்து வந்து மேசையிலிருந்த போனை அணைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்கண்ணா, போனைக் குடுங்க!"

"அப்புறம் தர்றேனுங்க."

அங்கே இருந்த இன்னொரு பெண் நாச்சம்மாள் மட்டும்தான். வார்னிஷ் அடிக்கிறவள். தூசியில் அவளுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்து அதை அடக்கிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் பெண் உதவாமலா போவாள் என்று செல்வப்பிரியா மெல்ல அவள் பக்கம் நகர்ந்தாள்.

"அக்கா, நான் கிளம்பறேனுங்க. இன்னொரு நாளைக்கு வந்து காட்டறேன்."

"இப்பப் போக முடியாது கண்ணு" என்ற நாச்சம்மாள், மேசை மேல் கிடந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இருந்த ஒரே நம்பிக்கையும் போயிற்று. வியாபாரம் நாசமாய்ப் போகட்டும், இரண்டு மிஷினையும் சும்மாவே கொடுத்துவிடலாம், உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"அந்தச் சின்ன மிஷின் சத்தம் போடுமுங்களா?" குப்பண்ணன் கேட்டார். கண் என்னவோ சன்னல் மேலேயே இருந்தது.

"போ... போடாதுங்க. பக்கத்துல கொழந்தைகூடத் தூங்கலாம்."

"பெரிசு?"

"அது போடுமுங்க."

"அப்ப அதைத் தொடவே தொடாதீங்க."

சத்தம் வெளியே போகக் கூடாது என்பதில் இந்த மனுஷனுக்கு ஏன் இத்தனை அக்கறை? செல்வப்பிரியா துணிந்து ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

"எங்க மேனேஜரும் பின்னாடியே வர்றாருங்க. இப்ப வந்துருவாரு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பயந்த மாதிரிதான் தெரிந்தது. பொய் பலித்துவிட்டது என்று அவள் மூச்சு விடுவதற்குள், பாண்டித்துரை குப்பண்ணனின் காதருகே குனிந்தான்.

"பின்பக்கச் சுவரேறிக் குதிச்சுப் போயி, அந்தாளை ரோட்டுலயே மறிச்சுப் போடட்டுங்களா?"

"நீ எங்கயும் போக வேண்டாம். பேசாம நில்லு."

மறிப்பதா? இனி யோசித்துக்கொண்டு நின்றால் ஆகாது. பெரிய மிஷின் போடுகிற இரைச்சலுக்காக எத்தனையோ வீடுகளில் அவள் திட்டு வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு அது ரோட்டில் போகிற யார் காதிலாவது விழட்டும். எட்டி சுவிட்சைத் தட்டினாள்.

பட்டறையே அதிர்ந்தது.

"ஐயோ!" குப்பண்ணன் விழுந்தடித்து ஓடிப் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். மூன்று பேர் முகமும் வெளிறிப் போயிருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. அடிக்கவும் வரவில்லை. நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றார்கள்.

வெளியே அவளுடைய ஸ்கூட்டர் தடாலென்று விழுந்தது. அடுத்து, கதவு வெளியிலிருந்து தள்ளப்பட்டது. குறுக்குக்கட்டை முறிகிற மாதிரி முனகியது. சத்தம் கேட்டு ஆள் வந்துவிட்டது!

"காப்பாத்துங்க! உள்ள இருக்கேன்! காப்பா..."

நாச்சம்மாள் அவள் வாயை இறுகப் பொத்தி, சுவரோரமாக இழுத்துக்கொண்டாள். சன்னல் கம்பிகள் உள்பக்கமாக வளைந்தன. அந்தச் சந்து வழியாக, மண் அப்பிய ஒரு தும்பிக்கை உள்ளே நீண்டு, மிஷினைத் தடவி, மேசையைத் தடவி, அவர்கள் நின்ற பக்கமாகத் துழாவிக்கொண்டு வந்தது.

"மூச்சுக் காட்டாத கண்ணு" என்றாள் நாச்சம்மாள் அவள் காதோடு. "போன மாசம் வந்த தேங்காய் ஏவாரிகிட்ட, ஆனை நிக்குதுன்னு சொல்லிப்போட்டோம். பயந்துட்டு வெளிய ஓடுனாரு."