மேலூர் வண்டி

மேலூருக்கு ரயில் கிடையாது. பஸ் ஏறினால் மாயக்காளுக்குக் குமட்டும். "ரயிலு விட்டா மதுரைக்கு வாரேன்" என்று அவள் சொல்லியிருந்ததால், தல்லாகுளத்தில் குமாஸ்தாவாக இருந்த அவள் மருமகன் கருத்தக்கண்ணன் பன்னிரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தான்.

முப்பத்தெட்டாம் வருஷப் பொருட்காட்சிக்கு அவன் ஒரு பொம்மை ரயில் செய்து வைத்தான். பெட்டிகள் பிஸ்கட் டப்பாத் தகரம். எஞ்சின் சாவி கொடுத்தால் ஓடும். கடைசி ஸ்டேஷனுக்குப் பெயர் தோன்றாமல், மேலூர் என்று எழுதிவிட்டான். மனைவி செல்லத்தாய் பூரித்துப்போய் அம்மாவுக்குக் கடுதாசி போட்டாள்: மேலூருக்கு ரயில் விட்டாச்சு.

மூன்றாம் நாள் மத்தியானம் அவன் சாப்பிட வந்தபோது, மாயக்காள் கூடத்தில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். சேலையெல்லாம் பச்சைப் பெயிண்டு.

"எதுல வந்தீக அத்தை?"

"ஒங்க ரயில்லதான் மாப்ள. நிமிந்து உக்கார முடியல. பெயிண்டும் காயல."

செல்லத்தாய் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கடைசிப் பெட்டிக்குக் காலையில்தான் பச்சை அடித்திருந்தான்.

"செம்ப வண்டியிலேயே மறந்துட்டேன். மதுரைத் தண்ணி எனக்குச் சேராது. போய் எடுத்துட்டு வாங்க."

பொருட்காட்சிக்குப் போனான். பெட்டியின் கூரையைத் தூக்கினான். மூலையில் மிளகளவு பித்தளைச் செம்பு நின்றது. சிந்தாமல் உள்ளங்கையில் ஏந்தி வீடு சேர்ந்தான்.

மாயக்காள் அதை இரண்டு விரலால் எடுத்து, அண்ணாந்து, மடக்மடக்கென்று வெகுநேரம் குடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை அவனிடம் நீட்டினாள்.