முத்திரை விழாத நாடகம்

ஒரு வானொலி நிலையத்தின் பழைய அலமாரியில் கரையான் ஒன்று குடியிருந்தது. ஒலிபரப்பாகி முத்திரை விழுந்த பிரதிகளை மட்டும்தான் அது தின்னும். ஊர் கேட்பதற்கு முன்னால் வாய் வைப்பது பாவம் என்று அதற்கொரு கட்டுப்பாடு.

சீர்திருத்தம் வந்தது. இனி எல்லா நிகழ்ச்சியும் தலைநகரிலிருந்தே வரும், இங்கே அதை வாங்கி அப்படியே மறு ஒலிபரப்பு செய்தால் போதும் என்றார்கள். விஷயம் தெரியாத எழுத்தாளர்கள் நாடகங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உறைகள் குவிந்தன, முத்திரைதான் விழவில்லை. கரையான் பசியோடு தட்டுக்குத் தட்டு ஏறி இறங்கியது.

"ஏன்யா இப்படி அலையறே? இவ்வளவு காகிதம் கெடக்கு, தின்னுத் தொலையேன். யாரு தடுக்கப் போறாங்க?" என்றது மூலையில் தூசி படிந்திருந்த மைக்.

"திருவாடானை சகாயமேரி ஏழாவது நாடகம் அனுப்பியிருக்காங்க. ஒருத்தர் காதுலயும் விழாததை நான் எப்படி முழுங்குவேன்?"

கரையான் அந்த நாடகத்தை மைக்கின் முன்னால் இழுத்துப் போட்டது. "நான் வாசிக்கிறேன், நீ கேளு. முடிஞ்சதும் தின்னுக்கிறேன்."

"என் ஒயரைப் பிடுங்கிட்டாங்க. ஊருக்குப் போகாதே."

"உனக்குக் கேக்கும்ல? இப்போதைக்கு அது போதும்."

முதல் காட்சியில், பேருந்து நிலையத்தில் ஒருத்தி தன் கணவனை வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரை வாசித்த கரையான், பசி தாங்காமல் கட்டுப்பாட்டை மறந்து, அடுத்த பக்கத்தின் ஓரத்தில் பல்லை வைத்தது.

"நிறுத்துய்யா!" என்று அலறியது மைக். "அவன் திரும்பிப் பார்த்தானா இல்லையா?"