சாயம் போன ஏரி

“யூனிஸ், தண்ணி இன்னாம்மா இப்படிக் கீது? சோறு வடிச்ச கஞ்சி மாதிரி!”

மேற்குத் தாம்பரத்தில் மனை விற்கும் தனசிங், கம்ப்யூட்டரில் போட்டோவைப் பார்த்துக் கத்தினார். “மஸ்கட் பார்ட்டி வெப்சைட்ல போட்டோவைப் பாத்துட்டு சாயங்காலம் முடிவு சொல்றாராம். இந்தப் பார்ட்டி கைவிட்டுப் போச்சுன்னா நீயும் வூட்டுக்குப் போயிடு.”

வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத யூனிஸ், பாவம், பொறுமையாகவே பதில் சொன்னாள்.

“ஏரி நல்லாத்தான் இருக்கு சார். நீங்க கேமராவுல அடோப் ஆர்ஜிபின்னு அகலமான கலர் செட்டிங்ல எடுத்திருக்கீங்க. வெப்சைட்டுக்கு அது புரியாம, சாயம் போன மாதிரி காட்டுது. எல்லா வெப்சைட்டுக்கும் ஏத்த எஸ்ஆர்ஜிபி கலருக்கு மாத்தி ஏத்தினா சரியாயிடும்.”

“ஆஹா! தண்ணிக்கே இங்கிலீஷ்ல பாடம் எடுக்கிறியா? சம்பளத்தை மட்டும் சாயம் போகாம வாங்கிக்கோ!”

அவள் மாற்றினாள். வானத்து நீலம் முழுவதும் தண்ணீரில் இறங்கிப் பளபளத்தது. தனசிங்குக்கு வாயெல்லாம் பல்.

“சூப்பர்ம்மா! இதுக்குத்தான் படிச்ச புள்ளைய வேலைக்கு வெக்கணும்றது.”

“ஒரே ஒரு குறை சார். ஏரி நடுவுல மஞ்சக் கல்லு ஒண்ணு தலையை நீட்டிக்கிட்டு இருக்கு. அழிச்சிடட்டுமா?”

தனசிங் பதறி எழுந்தார்.

“ஐயையோ, தொட்டுடாதே! அது ஏரியில்லம்மா, மழைத் தண்ணி. அந்தக் கல்லுதான் மஸ்கட்காரருக்கு விக்கப்போற மனையோட எல்லை. வெளியே தெரியறதே அது ஒண்ணுதான். அதையும் அழிச்சிட்டா, மனைன்னு எதைக் காட்டி விக்கிறது?”