குப்பி வைத்த தடம்

பகலில் சீன மருத்துவம் படிப்பதும், மாலையில் லியாங்கின் வீட்டுக்குப் போய் அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுமாக வாசுகிக்குச் சீனாவின் அந்த ஊரில் நாட்கள் ஓடின. தப்பாக உச்சரித்தால் விடமாட்டாள். "அகெய்ன்" என்று திரும்பச் சொல்லவைப்பாள். அவன் மனைவி ஷு சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

வாரம் தவறாமல் லியாங் ஷுவை வாசுகி பயிற்சி எடுக்கும் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவான். "எங்க வலின்னு அவளுக்குச் சொல்லத் தெரியாது டீச்சர்" என்று முதுகில் தானே இடம் காட்டுவான். வலியை இழுத்தெடுக்கும் வைத்தியமாக வாசுகி கண்ணாடிக் குப்பிக்குள் தீயைக் காட்டி எடுத்து அங்கே கவிழ்ப்பாள். தோல் உள்ளே இழுபட்டு வட்டமாகக் கன்றிப்போகும். ஏற்கனவே கன்றியிருந்ததெல்லாம் போன வாரம் தான் வைத்த குப்பியின் தடம் என்றே நினைத்திருந்தாள். இன்று காலை ஒரு கன்றலுக்குள் பெல்ட் கொக்கியின் அச்சைப் பார்த்தாள். மூன்று மாதமாக அவன் அடித்த அடியையெல்லாம் வாசுகியின் கைதான் மூடிக்கொடுத்திருக்கிறது.

மாலையில் பாடம் முடிந்ததும் லியாங் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தான். "தோள் பிடிச்சுக்கிச்சு டீச்சர். எனக்கும் ஒண்ணு வச்சு விடுங்க."

வாசுகி பையிலிருந்த குப்பிகளைத் தட்டில் எடுத்து வைத்து, ஒன்றின் விளிம்பைத் தீயிலேயே பிடித்துக் காய்ச்சினாள். துணி சுற்றிய கையால் அவன் தோளில் வைத்து அழுத்தினாள். சதை பொரிந்தது. அவன் அலறி எழப் பார்த்தான்.

சமையலறையிலிருந்து ஓடிவந்த ஷு, அவன் பிடரியில் முழங்காலை ஊன்றினாள். தட்டிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்து வாசுகியிடம் நீட்டினாள்.

"அகெய்ன்" என்றாள், பிசிறில்லாமல்.