அம்மா சொன்னதும் டாக்டர் பார்த்ததும்

வெளியே ஜீப் ஹாரன் மறுபடியும் அலறியது. விட்டுவிட்டு, ஒரே தாளத்தில், கொஞ்சமும் அலுக்காமல்.

"எங்க டிரைவர் பூமாலைங்க. மறியல்காரங்க ரோட்டுல மரத்த வெட்டிப் போடறதுக்குள்ள வூடு போய்ச் சேரணும்னு பறக்கறான்" என்றார் ஆதிமூலம். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தார். சாய்ந்து உட்காருவது அவர் வம்சத்தில் வழக்கமில்லை.

எதிரே மெட்ராஸிலிருந்து வந்திருந்த டாக்டர் சிவசங்கர். இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் நின்ற அந்த வருடத்தில், அவர் மட்டும் ஒரு கேள்வித்தாளோடு கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார். பிள்ளையின் வளர்ச்சியில் குறை உண்டா என்று பெற்றவளிடம் இருபது கேள்வி கேட்பார்கள். அவள் பதிலைப் பார்க்காமல் டாக்டர் பிள்ளையைத் தனியாகச் சோதிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் கேள்வித்தாளை நம்பலாம்.

அடுத்த அறையில் ஆதிமூலத்தின் மருமகள் கண்ணகி நர்ஸிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதாகியும் மகன் இளஞ்செழியன் ஒருமுறைகூட 'அம்மா' என்று கூப்பிடவில்லை என்பது அவள் கவலை. நம் குடும்பத்துப் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்பது மாமனார் தீர்ப்பு. குறை உண்டு என்று டாக்டர் சொன்னால் மெட்ராஸுக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுப்பது; குறையில்லை என்றால் அவள் அதன்பிறகு வாயே திறக்கக் கூடாது. வீட்டில் அப்படித்தான் பேச்சு.

"இதெல்லாம் நம்ம வூட்ல வராதுங்க. நீங்க மலைமேல வெள்ளிமலைக்குப் போயிருக்கணும்."

"நேத்து அங்கதான் இருந்தேன். கூப்பிட்டதும் எல்லாப் பிள்ளைங்களும் திரும்பிப் பார்த்துச்சுங்க."



டாக்டர், நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார். பட்டுச் சட்டை. அதன் கைகள் விரல்களையும் மூடிக்கொண்டு தொங்கின.

"இளஞ்செழியா!"

பையன் அசையவில்லை.

"இளஞ்செழியா, இங்க பாருப்பா!"

யாரைக் கூப்பிடுகிறார் என்பதுபோல் அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். டாக்டர் ஒரு குறி போட்டார்.

வெளியே ஹாரன் அடித்தது. பையன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"காது நல்லாத்தான் இருக்கு. பேரைச் சொன்னாத்தான் திரும்பல" என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "போப்பா, தாத்தா மடியில உட்காரு."

பையன் இறங்கினான். ஆதிமூலத்தை நெருங்காமல் எட்டவே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இன்னொரு குறி.

"வூட்ல இவன் வாய் ஓயாதுங்க! மாட்டுக்கொட்டாய்ல நின்னுக்கினு பாட்டா பாடுவான்" என்றார் ஆதிமூலம். "டேய், பேசுடா! வாசல்ல இன்னா சொல்லிக் குடுத்தேன்?"

பையன் உதட்டைக் கடித்தான். சட்டைக் கையை மேலே ஏற்றினான்; அது வழுக்கி இறங்கியது. மறுபடி ஏற்றினான், மறுபடி இறங்கியது.

"ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யறான்" என்று டாக்டர் எழுதினார். பிஸ்கட்டை நீட்டினார். பையன் அதைத் தொடாமல் ஆதிமூலத்தின் முகத்தையே பார்த்தான். அதற்கும் ஒரு குறி விழுந்தது.

இன்னும் சில சோதனைகள் நடந்தன. எதிலும் பையன் வாய் திறக்கவில்லை. டாக்டர் பேனாவை மூடினார்.

"பெரியவரே, மனசைத் தேத்திக்குங்க. பையனுக்குக் குறை இருக்கு."

ஆதிமூலத்தின் முதுகு முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தது. "இன்னாங்க இப்டி சொல்றீங்க? இவனுக்கு ஒண்ணுமில்லீங்க! இவன் கெட்டிக்காரப் பையன்!"

"எல்லாத் தாத்தாவும் இதையேதான் சொல்றாங்க."



நர்ஸ் கண்ணகியின் பதில்களைக் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து விரலால் ஓட்டினார். முகம் மலர்ந்தது.

"பேர் சொன்னா திரும்ப மாட்டான், சரி. மடியில உட்கார மாட்டான், சரி. செஞ்சதையே செய்வான், சரி. இருபதுக்கு இருபது! அம்மா சொன்னதும் நான் பார்த்ததும் அச்சு அசலா ஒண்ணு! இனிமே இந்தக் கேள்வித்தாளைக் கண்ணை மூடிக்கிட்டு எல்லா ஊருக்கும் அனுப்பலாம். அந்தம்மாவை வரச் சொல்லுங்க."

கண்ணகி உள்ளே வந்தாள். பையனைப் பார்த்தாள். அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். மாமனார் சுவரைப் பார்த்தார்.

"வாங்கம்மா! உங்க பையனைப் பத்தி நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. இப்பத்தான் நானே சோதிச்சுப் பார்த்தேன்" என்றார் டாக்டர்.

வெளியே, விட்டுவிட்டு, அதே தாளத்தில், ஹாரன் ஒலித்தது.

"டாக்டர், இது எங்க டிரைவர் பூமாலையோட புள்ள" என்றாள் கண்ணகி. "அங்க ஹாரன் அடிச்சிக்கினு இருக்கான் பாருங்க, அவன்தாங்க எம்புள்ள."