திரையில் தெரிந்த தழும்பு

"சீக்கிரம் பாருங்க டாக்டர்!" பண்ணைக்காரம்மா மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

இரும்புச் சட்டத்துக்குள் காளை கால் மாற்றி நின்றது. மாட்டு டாக்டர் அதன் விதைகள்மீது ஸ்கேன் கருவியை நகர்த்தினார். அவளோ வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள்.

"மனசத் தேத்திக்கங்கம்மா. ரெண்டு விதையிலயும் பழைய தழும்பு. எடுத்துப் பாத்த விந்துலயும் உயிரணு இல்ல. இவனால ஒரு கன்னுகூடப் பிறக்காது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

கணவனைப் போனில் அழைத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"கசாப்புக்கூடத்து வாசல்ல. மாடுங்கள இறக்கப்போறோம்."

"இறக்காதீங்க! லாரியத் திருப்புங்க! ஏழு பசுவும் மலடில்லங்க. குறை நம்ம காளைகிட்டதான்!"

மறுமுனையில் லாரி உறுமிக்கொண்டு பின்வாங்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.