முப்பத்தைந்து கிலோ

"இந்த வயசுல இம்புட்டு வெயிட்டு வேண்டாம்ணே. பத்துக் கிலோவுல ஆரம்பிங்க" என்றார் காசிராஜன்.

அருப்புக்கோட்டையில் அவருக்கு இரும்புக்கடை. ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற கடையில் இரண்டு வருடமாக உடற்பயிற்சிச் சாமான்களும் வந்து இறங்கின. மில் வேலைக்குப் போகும் இளவட்டங்கள்தான் வாங்குவார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் படியேறி வந்து, வீட்டில் வைத்துத் தூக்குவதற்கு எடை வேண்டும் என்று கேட்டது அன்றுதான்.

வந்தவர் பெயர் ஜான்ராஜ். பாலவனத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருந்து மூடிவிட்டவர்.

காசிராஜன் முதலில் சிமெண்டு அடைத்த எடையைக் காட்டினார். விலை மலிவு, ஆனால் பெரிதாக இருந்தது. ஜான்ராஜ் வேண்டாம் என்றார். ஒரே துண்டாக வார்த்த டம்பெல்ஸையும் ஒதுக்கினார். கடைசியில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த நீள ராடும், அதில் மாட்டுகிற வார்ப்பிரும்புத் தட்டுகளும் அவர் கண்ணில் பட்டன. தட்டுகளை வேண்டியமட்டும் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு பக்கமும் திருகி இறுக்கிவிட்டால் அசையாது.

ராடோடு சேர்த்துச் சரியாக முப்பத்தைந்து கிலோ வரவேண்டும் என்று கேட்டார். மாட்டியதை அங்கிருந்த பெஞ்சின் மேல் வைக்கச் சொன்னார்.

காசிராஜனுக்கு உள்ளூரப் பயம். மனிதருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? ஆனால் ஜான்ராஜ் ராடைக் கையால் பிடிக்கவே இல்லை. குனிந்து இரண்டு கைகளையும் அதற்கு அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து, மெல்ல நிமிர்ந்தார். கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"இப்படித் தூக்கக் கூடாதுண்ணே. யாரு சொல்லிக் குடுத்தா?"

ஜான்ராஜ் எடையைப் பார்த்துப் பார்த்து இறக்கி வைத்தார். பிறகுதான் சொன்னார். அவருடைய மனைவி தெரசாள் கிணற்றுப் படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. அது நடந்து பல வருடம் ஆயிற்று.

"முந்தி நல்லா இருப்பா. படுத்த பெறகு கரைஞ்சுட்டா. கடைசியா ஆஸ்பத்திரியில எடை பாத்தப்ப முப்பத்தஞ்சு கிலோ. காலையில கட்டில்ல இருந்து தூக்கி வாசல்ல உக்கார வைக்கணும். வெயில் ஏறுனதும் உள்ள கொண்டாரணும். இப்ப கொஞ்ச நாளா கை ரெண்டும் குடையுது தம்பி. எதையாச்சும் தூக்கிக்கிட்டே இருந்தாத்தான் சரியாகும் போல."

ஒத்தாசைக்கு யாரும் இல்லையா என்று கேட்டார் காசிராஜன். மகள் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள், போக மனசில்லை என்றார் ஜான்ராஜ்.

"வீட்ல நான் ஒருத்தன்தான்."

காசிராஜன் தட்டுகளைக் கழற்றி ராடோடு சேர்த்துக் கட்டினார். சின்னத் தட்டாக இரண்டை எடுத்துத் துடைத்துக் கட்டோடு சேர்த்து வைத்தார்.

"இதுக்கு ஒண்ணும் தர வேண்டாம்ணே. அவுக நல்லாச் சாப்பிட்டுத் தேறிட்டா வெயிட்டு ஏறும்ல? அப்ப இதையும் மாட்டிக்கிருங்க."

ஜான்ராஜ் தட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்.  பிறகு தலையை ஆட்டினார். கடையைப் பூட்டாமல் விட்டுவிட்டு வந்து, கட்டைச் சுமந்து பாலவனத்தம் வழியாகப் போகும் விருதுநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார் காசிராஜன்.

மறுநாள் விடிந்ததும் ஜான்ராஜ் முகம் கழுவிவிட்டு உள்ளே போனார். கட்டில் மேல் இருந்த இரும்பை இரண்டு கைகளிலும் ஏந்தி, நிலைப்படியில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி, வாசலுக்குக் கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் கிடந்த நாற்காலியில் மெல்ல இறக்கினார். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கைக் குடைச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி குடத்தோடு வந்தவள், நாற்காலியைப் பார்த்ததும் நின்றாள். அது என்னவென்று அவள் கேட்கவில்லை.

"மாமா, அத்தைக்கு முப்பதாம் நாள் பூசை வர்ற ஞாயித்துக்கிழமைதானே? எங்க வீட்டுப் பிச்சிப்பூவைக் கட்டித் தாரேன், கல்லறைக்குக் கொண்டு போங்க" என்றாள்.

"சரித்தா" என்றார் ஜான்ராஜ், இரும்பின் மேலிருந்து கையை எடுக்காமல்.